ரிலீவர் இல்லாத வாட்ச்: கொங்கு நாட்டு நேவிக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கோபிப் பக்கம், கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு தோட்டம். அவரைப் பெயர் சொல்லி யாரும் விசாரிப்பதில்லை. "நேவிக்காரர் தோட்டம் எதுங்க?" என்றால் வழி காட்டிவிடுவார்கள். 24 ஆண்டு கடற்படையில் இருந்தார், அதன்பின் 30 ஆண்டுக்கு மேல் குடும்பத்துக்குப் பெரியவராக இருந்தார், 73 வயதில் இறந்தார். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள்: மனைவி, 92 வயதுத் தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். இருப்பவை: நான்கரை ஏக்கர், ஒரு போர்வெல், ஒரு பென்ஷன், ஒரு பீரோ நிறைய நோட்டுகள்.

இது தனி ஒருவரின் வரலாறு கிடையாது. முன்னாள் படைவீரர் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்கும் மாதிரி நேர்வு. கப்பல்களும் விதிகளும் உண்மையானவை.

கேள்வி ஒன்றுதான். எதையும் எழுதி வைக்காமல் விட்டதே இல்லை இவர். அப்படிப்பட்டவர் வீட்டில் பென்ஷன் ஐந்து மாதம் நின்றது ஏன்? நிலம் இன்னும் பெயர் மாறாமல் கிடப்பது ஏன்?

இன்ஜின் அறை

கடல் இல்லாத சீமைதான், ஆனால் கடற்படைக்குப் புதிய இடமில்லை. கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961-ல் தொடங்கப்பட்டது சூலூரில்தான். 1964-ல் கோவாவின் தபோலிமுக்குப் போயிற்று. கோவையில் இன்றும் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, மாலுமிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தரும் இடம்.

நம்மவர் சேர்ந்தது 1968-ல், பாய்ஸ் என்ட்ரியில், 17 வயதில். மாலுமிப் பயிற்சித் தளமான சில்கா அப்போது இல்லை, அது 1980-ல் வந்தது. விசாகப்பட்டினத்தில் அடிப்படைப் பயிற்சி, பிறகு லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் இன்ஜின் பயிற்சி. அங்கிருந்து விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். 1971 போரில் அந்தக் கப்பல் வங்கக் கடலுக்குப் போனபோது நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசலால் மூடிக் கிடந்தது. விமானம் மேலெழும்ப ஓடுதளத்தின் மேல் எதிர்காற்று வேண்டும். இயற்கைக் காற்று குறைந்தால் கப்பல் ஓடித்தான் அதை ஈடுகட்ட வேண்டும். டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜாரைத் தாக்கிய சீ ஹாக் விமானங்களுக்குக் கீழே, மூன்று கொதிகலனை வைத்து அந்த வேகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்டோக்கர்கள், அதாவது கொதிகலன் அறை மாலுமிகள். அந்தப் போரின் கிழக்குக் களத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார் பதக்கம். அவருடையது பீரோவில் ஒரு சுருக்குப் பையில் இருந்தது.

பிறகு நீலகிரி வகைக் கப்பல்கள். இரண்டு கொதிகலன், இரண்டு டர்பைன், 30,000 குதிரைத்திறன். சதுர அங்குலத்துக்கு 550 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 450 டிகிரி செல்சியஸ் நீராவி. இந்த எண்களைச் சொல்லக் காரணம் உண்டு. இவற்றோடு பிழைத்தவர் ஏன் அப்படி ஒரு பெரியவர் ஆனார் என்பது அந்த அறையில்தான் விளங்கும்.

கொதிகலனில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குக் கேஜ் கிளாஸ் என்று பெயர். அதில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். மேலே ஏறிவிட்டால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைன் பிளேடுகளைச் சிதைக்கும். நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கன்டென்சரில் ஒரு குழாய் ஒழுகினாலும் கடல் உப்பு கொதிகலன் தண்ணீரில் கலந்துவிடும்; வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மணிக்கொரு முறை எழுதுவார்கள்: அழுத்தம், வெப்பம், வேக்குவம், எண்ணெய் அழுத்தம், ஒவ்வொரு பேரிங்கின் சூடு. ஒரு பேரிங் 58, 59, 61 என்று ஏறுவது கைக்குத் தெரியாது. தாளில் தெரியும்.

கப்பலில் ஒருவர் பணியில் நிற்கும் முறைக்கு வாட்ச் என்று பெயர். ஒரு வாட்ச் நான்கு மணி நேரம். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டியிருப்பார்கள், அதற்கு டாக் வாட்ச் என்று பெயர். அப்படி வெட்டினால் நாளைக்கு ஏழு வாட்ச் வரும். ஒரே ஆளுக்குத் தினமும் நடுராத்திரி வாட்ச் விழாது. அடுத்த ஆள், அதாவது ரிலீவர், கால் மணி முன்னதாகவே இறங்கிவிடுவார். தானே ஒரு சுற்றுப் பார்ப்பார். எந்தப் பம்பு ஓடுகிறது, எது ஸ்டாண்ட்பை, எந்த பேரிங் மேல் கண் வைக்க வேண்டும் என்று இருப்பவர் வாயால் சொல்வார். ரிலீவர் "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்லாமல் பழைய ஆள் ஏணியில் கால் வைக்க முடியாது. லாக் புத்தகம் அந்தப் பேச்சுக்குத் துணை. அதற்குப் பதில் ஆகிவிடாது.

காது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பம் இதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டே முப்பது வருடம் ஓட்டியது.

இன்ஜின் அறை இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்வியை. ஆண் குரலின் கனம் காதில் விழும். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மையும் குழந்தைக் குரலும் பெண் குரலும் கரைந்துபோகும். "அப்பாரு, சாப்பிட வாங்க" என்று பேத்தி கூப்பிடுவாள், அவர் திரும்ப மாட்டார். மகன் வந்து கூப்பிட்டால் உடனே எழுவார். பேத்திக்கு வருத்தம். தான் பேசுவதே தனக்குச் சரியாகக் கேட்காததால் கத்திப் பேசுவார், மருமகளுக்குப் பயம்.

பணியிலிருந்து விடுபடும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவப் பரிசோதனை நடக்கும். காது மந்தம், முதுகுவலி எதுவானாலும் அங்கே பதிவாக வேண்டும். ஊருக்குப் போகும் அவசரத்தில் "ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. இவரும் அப்படித்தான். பத்து, இருபது ஆண்டு கழித்து ஊனப் பென்ஷன் கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள். பென்ஷன் போனாலும் கருவி போகவில்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். வழியாகக் காதுகேள் கருவி வாங்கலாம். அவர் கேட்கவே இல்லை.

அக்காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்புக் கப்பல்களில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியிருப்பார்கள். அதன் நோய் 20, 30, 40 ஆண்டு கழித்தும் தலைகாட்டும். இந்தத் தலைமுறை ஸ்டோக்கர் யாருக்காவது விடாத மூச்சுத்திணறல் இருந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமாகக் கப்பல் வேலையைச் சொல்ல வேண்டும். "வயசாச்சுங்க" என்று ஆரம்பித்தால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

தோட்டத்து லாக்

1992-ல் ஊர் திரும்பினார். சீஃப் பெட்டி ஆபீசர் தரம். கிராஜுவிட்டியும், கம்யூட் செய்த பென்ஷன் பணமும், அதாவது பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய பணமும் சேர்த்து இரண்டரை ஏக்கர் வாங்கினார். இரண்டு ஏக்கர் பூர்வீகம். பகலில் ஒரு சாயப் பட்டறையில் கொதிகலன் வேலை. கப்பல் கொதிகலன் எண்ணெயில் எரியும், பர்னரை மூடினால் நெருப்பு நின்றுவிடும். பட்டறையில் விறகு. கதவை அடைத்தாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோதான் என்று அலட்சியமாக இருக்கும் ஆள்தான் அங்கே மாட்டுவான். இவர் மாட்டவில்லை. அங்கேயும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டார்.

வீட்டில் மூன்று நோட்டு. முதலாவது வாய்க்கால். பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிந்திருக்கும். ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் ஒரு பாதிக்கு நஞ்சைக்குத் தண்ணீர். அடுத்த பாதிக்கு ஜனவரிக்கு மேல் கடலைக்கும் எள்ளுக்கும் விட்டு விட்டுத் தண்ணீர். மறு வருடம் முறை மாறும். எந்த நாள், எத்தனை மணிக்கு, மடையில் எத்தனை விரற்கடை ஓடிற்று என்று முப்பது வருடக் கணக்கு அவரிடம் இருந்தது. முறைத் தகராறு வந்தால் ஊர் முதலில் தேடுவது அந்த நோட்டைத்தான்.

இரண்டாவது மோட்டார். ஏழரை ஹெச்.பி. சப்மெர்சிபிள். போட்டவுடன் ஆம்ப் மீட்டரைப் பார்த்து எழுதுவார். வழக்கமான எண்ணிலிருந்து மெல்ல மெல்ல ஏறினால் மணல் ஏறுகிறது, அல்லது பேரிங் இறுகுகிறது. சட்டென்று குறைந்தால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, மோட்டார் காற்றைக் குடிக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். ஒரு பேஸ் போய் இரண்டில் ஓடினால் மோட்டார்ச் சுருள் கருகிவிடும் என்று, அப்போது மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் மாட்டியிருந்தார். அந்த மோட்டார் ஒரே ஒரு தடவைதான் ரீவைண்டிங் போயிற்று.

மூன்றாவது பணம். கம்யூட் செய்த பங்கு 15 ஆண்டில் திரும்ப முழுப் பென்ஷனில் சேர வேண்டும். அந்த மாதம் சேர்ந்ததா என்று பார்த்து எழுதியிருக்கிறார். 2014 ஜூலை 1 முதலான ஓ.ஆர்.ஓ.பி., அதாவது ஒரே தரத்துக்கு ஒரே பென்ஷன் திட்டம், அதன் 2019 திருத்தம், எல்லாம் வந்த தேதியோடு இருக்கிறது.

வீட்டில் யாராவது எதையாவது கேட்டால் பதில் ஒன்றுதான்: "எல்லாம் நோட்டுல இருக்குது கண்ணு." பாதி ஆங்கிலச் சுருக்கெழுத்து, பாதி இந்தி, தேதி எல்லாம் கப்பல் முறையில். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

முதல் இருபத்தொரு நாள்

சாவு வீட்டில் முன்னாள் படைவீரர் சங்கத்தார் வந்து மலர்வளையம் வைத்தார்கள். தேசியக் கொடி போர்த்தலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அரசு, ராணுவ மரியாதையோடு நடக்கும் அடக்கத்துக்குத்தான் கொடி. அங்கேயும் அதை உடலோடு எரிக்கவோ புதைக்கவோ கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் இருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மேலதிகாரி உத்தரவு. மகன் பத்தாம் நாளே பதிந்துவிட்டார். சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆணையில், உள்ளபடியே இருக்கிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும். கருமாதி முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தவறு இன்னொன்று. இறப்பைப் பாதுகாப்புத் துறையின் இணையவழிப் பென்ஷன் தளமான ஸ்பார்ஷில் தெரிவிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதமும் பென்ஷன் கணக்கில் ஏறியது, காரியச் செலவுக்கு ஏ.டி.எம்.மில் எடுத்தார்கள். இறந்த நாள் வரைதான் அவர் பென்ஷன். மறுநாள் முதல் மனைவியின் குடும்பப் பென்ஷன். இடையில் அதிகமாக வந்தது பின்னால் பிடித்தம் ஆகும். திருட்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஆனால் கணக்குச் சரியாகும்வரை எல்லாம் தாமதப்படும்.

ஒரு 'ழ' செய்த வேலை

மனைவி பெயர் பழனியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண விடுப்பு முடிந்து கப்பலுக்குத் திரும்பியவர் அலுவலகத்தில் விவரம் கொடுத்தார். அது ஜென்ஃபார்ம் என்ற கடற்படைப் படிவத்தில் ஏறி ஆவணத்தில் பதிந்தது. எழுதிய கிளார்க் வடக்கத்தியவர். 'ழ'வுக்குத் தன் காதில் விழுந்த எழுத்தைப் போட்டார். ஆதாரில் 'ழ'வுக்கு இரண்டெழுத்து. பான் அட்டையில் 'ல'. வங்கியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பி.பி.ஓ.வில் இனிஷியலே இல்லை. பிறந்த தேதி பி.பி.ஓ.வில் காலி, ஆதாரில் வருடம் மட்டும்.

நம் கண்ணுக்கு நான்கும் ஒரே பெயர். கணினிக்கு நான்கு பெண்கள்.

அவர் உயிரோடு இருந்தபோது ஸ்பார்ஷில் விவரச் சரிபார்ப்பு வந்தது. தன் பக்கத்தை ஒழுங்காக முடித்தவர், மனைவி பக்கத்தில் உள்ள எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், சேவை மையத்தில் அரை நாள். இறந்த பிறகு அதே திருத்தம் மும்பை மான்கூர்டு பக்கத்தில் உள்ள கடற்படைப் பென்ஷன் அலுவலகம் வரை போயிற்று. கேட்ட தாள்கள்: இறப்புச் சான்று, பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் ஆவணம், எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்ற பிரமாணப் பத்திரம், ஆதார், பான், வங்கிப் புத்தகம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சான்று. பிரமாணப் பத்திரத்தில் நான்கு எழுத்துவடிவங்களையும் அட்சரம் பிசகாமல் போட வேண்டும். முதல் தடவை மூன்றைத்தான் போட்டார்கள். திரும்பி வந்தது.

இதுதான் அந்த ஐந்து மாதம்.

எவ்வளவு வரும் என்பதிலும் ஒரு ஏமாற்றம். உயர்த்திய விகிதமான 50 சதவீதக் குடும்பப் பென்ஷன் ஏழு ஆண்டு வரை, அல்லது இறந்தவர் உயிரோடு இருந்தால் 67 வயது ஆகும் நாள் வரை, எது முந்தியோ அதுவரைதான். இவர் 73-ல் இறந்தார். ஆகவே முதல் நாளிலிருந்தே சாதாரண விகிதமான 30 சதவீதமும் அகவிலை நிவாரணமும். பாதி வரும் என்று மகன் போட்டு வைத்த கணக்குத் தப்பாயிற்று. 80 வயதில் 20, 85-ல் 30, 90-ல் 40 சதவீதம் என்று கூடுதல் உண்டு. ஆனால் பிறந்த தேதி ஆவணத்தில் இல்லாவிட்டால் எந்த மாதம் 80 என்று யார் சொல்வது? அதையும் இதே திருத்தத்தில் சேர்த்தது மட்டும் புத்திசாலித்தனம்.

இ.சி.எச்.எஸ். எளிதாகவே முடிந்தது. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர் என்பதால் சந்தா பேச்சே இல்லை. அவர் அட்டையை ஒப்படைத்து, மனைவி முதன்மைப் பயனாளியாகப் புது அட்டைக்கு விண்ணப்பித்தார். நவம்பர் மாத ஜீவன் பிரமாண், அதாவது உயிரோடு இருப்பதற்கான மின்னணுச் சான்று, இனி மனைவி பெயரில். விரல் ரேகை தேய்ந்துபோன கை என்றால் முகப்பதிவு வழி இருக்கிறது.

நோட்டில் எழுதிய உயில்

பண நோட்டின் கடைசிப் பக்கத்தில் உயில் இருந்தது. தேதி, நேரம், சர்வே எண், எல்லை எல்லாம் சுத்தமாக. வாங்கிய நிலம் மனைவிக்கு, அவருக்குப் பின் மகனுக்கு. மகள்களுக்குச் சீர் செய்தாயிற்று, போர்வெல் பக்கத்து அரை ஏக்கர் இளையவளுக்கு. கீழே அவர் கையெழுத்து. சாட்சி ஒருவர்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63: சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர், இருவரும் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டாவது சாட்சி மட்டும் இல்லாமல் முடியாது.

கடற்படைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: மாலுமி தன் கையால் எழுதினால் சாட்சி வேண்டாம் என்று. அது அடியோடு கற்பனை கிடையாது. அதே சட்டத்தின் 65, 66 பிரிவுகள் கடலில் இருக்கும் மாலுமிக்கு அப்படி ஒரு சலுகை தருகின்றன. ஆனால் அது கடலில் இருக்கும்போது. தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து எழுதியதற்குக் கிடையாது. தவிர, இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் பிரிவுகளைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையில் இந்த இரண்டு பிரிவும் இல்லவே இல்லை.

உயில் செல்லாது என்றால் வாங்கிய நிலம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். முதல் வகுப்பு வாரிசுகள்: மனைவி, மகன், இரண்டு மகள்கள், தாய். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பூர்வீக நிலத்தில் மகள்களுக்குப் பிறப்பிலேயே பங்கு. 2005 திருத்தமும் 2020 ஆகஸ்ட் 11 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதைத் தெளிவாக்கிவிட்டன. சீர் கொடுத்தது பங்கைக் கழிக்காது. பென்ஷன் மட்டும் இந்தக் கூட்டில் சேராது, அது விதிப்படி மனைவிக்கே.

தாசில்தார் தந்த வாரிசுச் சான்றில் ஐந்து பெயர். "ஆத்தா பேரு எதுக்குங்க இதுல?" என்று மகன் கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி. தகப்பனார் உயிரோடு இருந்தால் அவர் முதல் வகுப்பில் வரமாட்டார்; தாய் வருவார். ஆத்தாவுக்கு 92. பங்கை அவர் கையால் எழுதிக் கொடுக்காமல் காலமானால், அந்த ஐந்தில் ஒன்று அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் போகும். அதாவது நேவிக்காரரின் தம்பியும் தங்கையும், அவர்களில் யாராவது முன்பே இறந்திருந்தால் அவர் பிள்ளைகளும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டி வரும்.

மோட்டாரின் இலவச மின் இணைப்பும் அவர் பெயரில் நிற்கிறது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றும் நில ஆவணமும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மூத்த மகள் சம்மதிக்கிறார். இளையவர், ஐயன் எழுதிய அரை ஏக்கரைப் பத்திரத்தில் போட்டுவிட்டு வாருங்கள் என்கிறார். உயில் செல்லாவிட்டாலும் எண்ணம் அதுதானே என்பது அவர் வாதம். மகன் மறுக்கவில்லை. ஆனால் உட்பிரிவு போட நிலம் அளக்க வேண்டும், போர்வெல் எந்தப் பக்கம் விழுகிறது என்று நில அளவையர் கல் போட்டால்தான் தெரியும்.

அளவைக்குப் பணம் கட்டியாயிற்று. ஆத்தாவை சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக முடியாது; வீட்டுக்கே வந்து பதியக் கேட்டு, மருத்துவச் சான்றோடு மனு கொடுத்திருக்கிறார்கள். ஆம்ப் மீட்டர் நோட்டில் கடைசிப் பதிவு அவர் இறந்ததற்கு முந்தைய நாள். அதன்பின் நான்காவது மாதம் மோட்டார் கருகியது. பிரிவென்டரில் ரிலே போயிருந்தது, யாரும் பார்க்கவில்லை.